நேர் தூரம்

"கடை மூடியாச்சு சார். நாளைக்கு வாங்க."

"நாளைக்குத்தாம்மா ஆட்டமே. நாளைக்கு வந்து நான் என்ன பண்ணுறது?"

பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து நின்றவருக்கு அறுபது வயது இருக்கலாம். இஸ்திரி போட்ட சட்டை, சவரம் செய்யாத முகம். விற்பனைப் பெண் கவுண்டருக்குப் பின்னால் கழற்றிப் போட்டிருந்த செருப்பைக் காலால் துழாவினாள். காலையிலிருந்து நின்று நின்று, கால்கள் இரண்டும் யாருடையவோ போல மரத்துக் கிடந்தன.

"என்ன வேணும், சொல்லுங்க."

"தூரம் பார்க்கிற கருவி. ஒத்தைக் கண்ணுல வெச்சுப் பார்ப்பாங்களே, அது."

"ரேஞ்ச் ஃபைண்டரா? எல்லாம் வித்துப் போச்சு சார். ஊருக்குள்ள பொண்ணுங்க கோல்ஃப் போட்டி நடக்குது, சரக்கு நிக்குமா?"

முன்பெல்லாம் இந்த கோல்ஃப் சாமான் கடைக்கு வருகிறவர்கள் தொப்பை வைத்த ஆண்கள்தான். டி.வி.யில் பெண்கள் ஆட்டத்தை முழுசாகக் காட்ட ஆரம்பித்ததிலிருந்து, அம்மாவும் பெண்ணுமாக வந்து அலமாரியைக் காலி செய்துவிட்டுப் போகிறார்கள். முதலாளிக்கு வாயெல்லாம் பல். அவளுக்குத்தான் உட்கார நேரமில்லை.

"ஒண்ணுகூட இல்லையாம்மா? நாளைக்குக் கடைசி நாள். என் பொண்ணு ஆடுறா. நான் பார்த்தே ஆகணும்."

அவர் கை காட்டிய இடத்தில், சுவர் முழுக்க ஒட்டியிருந்த போஸ்டரில், மட்டையை வீசி முடித்த நிலையில் ஒரு பெண் நின்றாள். இந்த வாரம் ஊரே பேர் சொல்லும் பெண். அதே தாடை. அதே ஒட்டிய காது.

"அவங்களா உங்க பொண்ணு?"

"நான்தான் சொல்லிக் குடுத்தேன். இருட்டோட எழுப்பிக் கூட்டிட்டுப் போயிடுவேன். மழை, காய்ச்சல், எதுக்கும் லீவு கிடையாது. அழுதா விட்டுடுவோமா? விட்டிருந்தா இந்தச் சுவத்துக்கு வந்திருப்பாளா?"

பள்ளிக்கூடத்தில் விற்பனைப் பெண்ணும் பந்தயங்களில் ஓடியவள்தான். ஓடியதை அவள் அப்பா ஒருமுறைகூட வந்து பார்த்ததில்லை. கோப்பையோடு வீட்டுக்குப் போனால், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "அப்படி வை" என்பார். அவர் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகியும் அந்த 'அப்படி வை' மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, காட்சிக்கு வைத்திருந்த ஒன்றை எடுத்தாள். விற்கவே கூடாதென்று முதலாளி சொல்லி வைத்திருந்தது. நாளைக்குக் கத்துவார். கத்தட்டும்.

"கொடிக்கம்பத்தைக் குறி வெச்சு இந்தப் பட்டனை அழுத்துங்க. தூரம் உள்ளேயே தெரியும்."

"கம்பம் வேணாம். ஆள் மேல வெச்சாக் காட்டுமா? நடந்துக்கிட்டே இருக்கிற ஆளு."

"காட்டும். மேடு பள்ளத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுச் சொல்லும்."

"அதை அணைச்சிடு. நேர் தூரம் போதும். அப்புறம், மீட்டர்ல மாத்திக் குடு."

"ஆடுறவங்க எல்லாம் யார்டுலதான் சார் பார்ப்பாங்க."

"நானா ஆடப் போறேன்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து வந்த முதல் சிரிப்பு.

"ஒருதடவை சோதிச்சுப் பார்த்துடணும். அந்தத் தெருக்கோடி வரைக்கும் போய் நிக்கிறியாம்மா?"

வேறு யாராவது கேட்டிருந்தால் வாசலைக் காட்டியிருப்பாள். இவர் கேட்டதும் நடந்தாள். சாத்தியிருந்த வங்கியைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தைத் தாண்டித் திரும்பிப் பார்த்தாள். வெயில் இன்னும் முழுசாக இறங்கவில்லை. கடை வாசலில் அவர் கருவியைக் கண்ணில் வைத்தபடி சிலைபோல் நின்றிருந்தார். இன்னும் பின்னால் போ என்று கை ஆட்டினார். போனாள். இன்னும் கொஞ்சம். போனாள். இத்தனை கவனமாக அவளை யார் பார்த்து எத்தனை நாளாயிற்று? தன்னை அறியாமல் முதுகை நிமிர்த்திக்கொண்டாள். ஓட்டத்துக்கு முன்னால் கோட்டருகே நிற்பது போலிருந்தது. அவர் உள்ளங்கையை உயர்த்தி, போதும் என்றார்.

திரும்பி வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"முகம் தெரியுது. அவ்வளவு தள்ளி நின்னாலும் முகம் நல்லாத் தெரியுது."

"எதுக்கு சார் அவ்வளவு தள்ளி? குடும்பத்துக்குன்னு முன்னாடியே நாற்காலி போட்டு வெச்சிருப்பாங்களே. பெத்தவர் கண்ணே பட்டுடும்னு பயமா?"

"எனக்கு அங்க நின்னாத்தாம்மா நிம்மதி."

பக்கத்தில் நின்று பார்க்க நெஞ்சு தாங்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். இப்படியும் தகப்பன்கள் இருக்கத்தான் செய்கிறார்கள், யார் வீட்டிலோ.

"குடுத்து வெச்சவங்க சார் உங்க பொண்ணு." கருவியின் உறையை எடுத்து நீட்டினாள். "நாளைக்கு ஜெயிச்சதும் நேரா உங்ககிட்டதான் ஓடி வருவாங்க, பாருங்க."

அவர் கருவியை உறையில் போட்டு, அதன் வாரை மணிக்கட்டில் இறுக்கிச் சுற்றிக்கொண்டார்.

"வரமாட்டாம்மா. இருநூறு மீட்டருக்குள்ள நான் வரக் கூடாதுன்னு கோர்ட்டுல உத்தரவு வாங்கி வெச்சிருக்கா. போன தடவை கண்ணளவுல நின்னுதான் மாட்டிக்கிட்டேன்."