கிழக்குப் பக்க ஜன்னல்

மாடி ஜன்னலைத் திறந்ததும் ஜம்புலிங்கத்தின் கண்ணில் பட்டது, பக்கத்து வீட்டு முற்றத்துக் கொடியில் தொங்கிய கறுப்பு புர்க்கா. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த வீட்டுப் பெண்பிள்ளையை எட்டிப் பார்த்தார் என்ற பேர் குடியாத்தத்தில் ஒரு லுங்கி வியாபாரிக்கு வரக்கூடாது.

"மொதலியாரே!"

கீழே வாசலில் அந்த வீட்டு மக்பூல் அகமது நின்றிருந்தார். ஜம்புலிங்கம் தயங்கித் தயங்கிப் படியிறங்கினார்.

தயங்காமல் என்ன செய்வார்? புதிதாக எழுப்பிய மாடி அறைக்கு நகராட்சி அனுமதி கிடையாது. போன வருடம், முழங்கால் வலியில் நடக்க முடியாத மனைவி ஜஹீதாவுக்காக மக்பூல் படுக்கையறையை ஒட்டி அனுமதியில்லாமல் ஒரு கக்கூஸ் கட்டினார். சாயநூல் காயப்போடும் இடத்தில் நாற்றமடிக்கிறதென்று மனு எழுதிப் போட்டவர் ஜம்புலிங்கம்தான். எமர்ஜென்சி சமயம். அந்த வாரமே ஆட்கள் கடப்பாரையோடு வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

ஆனால் மக்பூலின் குரல் தணிந்தே இருந்தது.

"மாடி நல்லா வந்துருக்குதே. பையன் கல்யாணத்துக்கா?"

"ஆமா பாய். காவேரிப்பாக்கத்துப் பொண்ணு, ஏரிக் காத்துல வளந்தவ. காத்தோட்டமா ஒரு ரூம் இருந்தாத்தான் பொண்ணுன்னு சம்பந்தி ஒரே புடியா நிக்கிறாரு."

"நல்லது. ஆனா ஜன்னல் எங்க முத்தத்தப் பாத்து இருக்குது. எங்களுது கோஷா வூடு, வெளி ஆம்பள கண்ணு படக்கூடாது. நீங்களே பாத்து ஒரு வழி பண்ணுங்க. நான் நகராட்சிக்கெல்லாம் ஓடற ஆள் இல்ல."

கடைசி வார்த்தை ஊசியாய் இறங்கியது. சாயங்காலமே கொத்தனார் வந்து கிழக்கு ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்.

மறுவாரம் மக்பூல் மறுபடி வந்தார். மொட்டைமாடியில் நின்றால் முற்றம் தெரிகிறதாம். கைப்பிடிச் சுவர் ஆள் உயரத்துக்கு எழும்பியது. அதற்கப்புறம் வென்டிலேட்டரையும் அடைக்கச் சொன்னார்.

"வாணியம்பாடி அம்மா வூட்டுக்குப் போன பாய் வூட்டம்மா எப்ப திரும்பி வந்துச்சி? குரலே கேக்கலயே" என்றாள் ஜம்புலிங்கத்தின் மனைவி சந்திரா.

"திரை கட்டுன ஜட்கா வண்டி வந்து நின்னத நானே பாத்தேன். கோஷா வூட்டுப் பொம்பள குரல் தெருவுக்கா கேக்கும்? போய் வேலையப் பாருடி."

வென்டிலேட்டரை அடைக்கிற அன்று நல்ல மழை. கடைசிச் செங்கல்லை வைக்குமுன் அந்தச் சந்து வழியாக ஜம்புலிங்கத்தின் பார்வை தப்பித்தவறிக் கீழே போனது. கொடியில் புர்க்கா நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. எடுக்க யாரும் வரவில்லை. 'நம்ம தலை தெரிஞ்சிருக்கும், அதான் வெளியே வரல' என்று கூசிப்போய், "சீக்கிரம் மூடுப்பா!" என்று கொத்தனாரை விரட்டினார்.

அறை பகலிலேயே இருண்டு புழுங்கியது. வேறு வழியில்லாமல் மேற்குச் சுவரை உடைத்து ஜன்னல் வைத்தார். மேற்கே ஒட்டினாற்போல் தோல் ஷாப்பு. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறும் பச்சைத் தோலின் வாடை புது அறைக்குள் வந்து படுத்துக்கொண்டது.

அறையைப் பார்க்க வந்த சம்பந்தி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்னாய்யா இது? புதுப்பொண்ணு ரூமா, தோல் ஊறவெக்கிற தொட்டியா?"

காப்பியைக்கூடத் தொடாமல் பஸ் ஏறிவிட்டார்.

ஜம்புலிங்கம் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு மக்பூல் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"பாய், கல்யாணமே நின்னுடும் போலருக்குது. கெழக்கு ஜன்னல மட்டும் தொறந்துக்கறேன். போன வருசம் நான் பண்ணது தப்புதான். திரைக்கு இந்தாண்ட நின்னு அந்தம்மாகிட்ட நானே மன்னிப்பு கேக்கறேன்."

மக்பூல் கதவை அகலத் திறந்தார். வாசல் திரையையும் ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

"உள்ள வாங்க."

"ஐயோ, கோஷா வூட்ல நான் எப்படி பாய்..."

"வாங்க மொதலியாரே."

ஜம்புலிங்கம் தலையைக் குனிந்தபடியே நடந்தார். முற்றத்து மூலையில் இடிந்த கக்கூஸின் செங்கற்கள் அள்ளப்படாமல் கிடந்தன. கொடியில் அதே புர்க்கா, வெயிலும் மழையும் தின்று சாம்பல் நிறத்தில்.

"நானும் மனு போட்டிருந்தா ஒரே நாள்ல இடிச்சிட்டுப் போயிருப்பாங்க" என்றார் மக்பூல். "எனக்கு அது பத்தல. உங்க காத்த உங்க கையாலயே நீங்க அடைக்கணும். அத நான் இங்க ஒக்காந்து பாக்கணும்."

ஜம்புலிங்கம் நிமிர்ந்தார். மக்பூலின் விரல் கொல்லைக் கோடியிலிருந்த பழைய கக்கூஸைக் காட்டியது.

"நீங்க இடிக்க வெச்சப்புறம், ராவு மழைல அவ்ளோ தூரம் போறப்பதான் வழுக்கி வுழுந்தா."

"இப்ப... இப்ப அவங்களுக்குத் தேவலையா பாய்?"

மக்பூல் கொடியிலிருந்து புர்க்காவை எடுத்து நிதானமாக மடித்தார்.

"ஜன்னலத் தாராளமாத் தொறந்துக்கோங்க. ஜஹீதாவ நான் வாணியம்பாடியிலயே அடக்கம் பண்ணிட்டேன்."