பச்சை ஜன்னல் வீடு

"நீங்க லிஸ்பன்காரங்கதானேம்மா? உங்களுக்கு எதைச் சுத்திக் காட்டறது?" சுற்றுலாப் பயணிகளுக்கு டுக்டுக் ஆட்டோ ஓட்டும் டுவார்த்தே குழம்பினான்.

"வெளிநாட்டுக்காரங்ககிட்ட சொல்றதை அப்படியே சொல்லு தம்பி. ஒரு வார்த்தை குறையக்கூடாது" என்றாள் பின்னால் இருந்த பெண்மணி.

நகராட்சி அதிகாரியாக இருப்பாளோ? தப்பாகச் சொன்னால் உரிமம் போய்விடும். கோட்டையைக் காட்டி, கட்டிய ஆண்டைக்கூடச் சொன்னான். அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

அல்ஃபாமா என்ற பழைய பேட்டையின் வளைவில் வண்டியை நிறுத்தினான். அங்கே ஒரே தண்டவாளம். மேலிருந்து ட்ராம் இறங்கிப் போகும்வரை இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தை நிரப்ப அவனே கட்டிய கதை ஒன்று உண்டு.

"இங்க என்ன சொல்வே?" அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

டுவார்த்தே எதிரே கையை நீட்டினான். "அந்தப் பச்சை ஜன்னல் வீட்டுல, கடலுக்குப் போன புருஷனுக்காகக் காத்திருந்தே ஒருத்தி செத்துட்டாளாம். அவ ஆவி இன்னும் ஜன்னல்ல நின்னு கையாட்டும்னு சொல்வேன்மா."

அவள் இறங்கி, பையிலிருந்து சாவியை எடுத்து அந்த வீட்டின் கதவைத் திறந்தாள்.

"அப்படியா சேதி! ஆசையாக் கையாட்டினா எல்லாரும் ஏன் வீல்னு கத்தறாங்கன்னு ரெண்டு வருஷமா எனக்குப் புரியவே இல்ல தம்பி."