மேலே நின்று சொன்னவர்

"கதவு பூட்டேல்லை. தள்ளிக்கொண்டு வா."

கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நாலாம் மாடி வீடு. அம்புறோஸ் சோபாவை விட்டு அசையவில்லை. முன்பென்றால் வாசலுக்கே வந்து, தோளில் ஒரு தட்டுத் தட்டி உள்ளே கூட்டிப்போகிற மனிதர்.

"நான்தான் அண்ணை, சாரங்கன்."

"உன்ர குரல் எனக்குத் தெரியாதே? இரு."

தெரியாமல் எப்படி இருக்கும்? ஸ்டாக் கார் என்கிற மோட்டார் பந்தயத்தில் சாரங்கன் ஓட்டி, அம்புறோஸ் மைதானத்துக் கோபுரத்தின் மேலே நின்று ரேடியோவில் அவன் காதுக்குள் வழி சொன்ன காலம் கொஞ்சமா நஞ்சமா! தலைக்கவசத்துக்குள் இருப்பவனுக்குப் பக்கத்தில் வரும் கார் தெரியாது. மேலே நிற்பவர் சொன்னால்தான் உண்டு. இவர்கள் தமிழில் பேசியதால், ஒட்டுக்கேட்ட மற்ற அணிக்காரர்கள் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள்.

இருவரையும் பந்தயத்துக்கு அனுப்பிச் செலவு பார்த்தது டோர்வல் பகுதியில் ஒரு டயர்க் கடை. அதற்கும் தெருவின் மறுபக்கத்து டயர்க் கடைக்கும் தீராத பகை. இந்த வருடம் சாரங்கன் தாவியது அந்த மறுபக்கத்துக் கடைக்குத்தான். அன்றிலிருந்து அம்புறோஸ் அவனுடைய போனை எடுப்பதில்லை.

"நீங்கள்தானே அண்ணை போகச் சொன்னியள்?"

"நல்ல எஞ்சின் தாறாங்கள் எண்டாப் போ எண்டன். அடுத்த நாளே ஓடுவாய் எண்டு நினைக்கேல்லை."

சாரங்கனுக்குச் சுருக்கென்றது. போ போ என்று பிடரியைப் பிடித்துத் தள்ளாத குறையாகச் சொன்னவர், இப்போது கதையையே மாற்றுகிறாரே!

"உங்களையும் சேர்த்துத்தானே கேட்டாங்கள். நீங்கள்தான் மாட்டன் எண்டியள்."

"நான் உப்புத் திண்ட கடை அது. நான் ஏன் மாறோணும்?"

"அந்தக் கடைக்கும் நீங்கள் இப்ப போறேல்லையாம்."

அம்புறோஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். கீழே பஸ் ஒன்று நின்று புறப்பட்டது.

"போன வருச மோதலை நினைச்சுக்கொண்டு இருக்கிறியளோ? பக்கத்தில ஒருத்தரும் இல்லை எண்டியள், ஆனா ஒரு கார் இருந்திட்டுது. ஆருக்கும் பிழை வாறதுதானே. எனக்குத் தோள்மூட்டுத்தான் முறிஞ்சது. அதுவும் பொருந்தீட்டுது."

"அதைப் பற்றிக் கதையாத."

சாரங்கன் சோபா ஓரமாக நகர்ந்து அவருக்கு முன்னால் வந்து நின்றான்.

"புதுசா மேல நிக்கிறவன் பிரெஞ்சில சொல்லுறான் அண்ணை. எல்லாம் சரியாத்தான் சொல்லுறான். ஆனா காருக்குள்ள நான் தனிச்சுப்போன மாதிரிக் கிடக்கு. போன கிழமை முதலாவதா வந்தன். எல்லாரும் கட்டிப்பிடிச்சினம். அதுக்குப் பிறகு காருக்க போய் இருந்து தனிய சாப்பிட்டன்."

அவன் சொன்னது அத்தனையும் உண்மை. அம்மா அப்பா ரொறன்ரோவில். பந்தய மைதானத்தில் தமிழ் பேசும் இன்னொரு ஆள் இல்லை. 'பொறு தம்பி, பொறு... இப்ப விடு' என்கிற அந்தக் குரல் இல்லாமல் வண்டி ஓட்டுவது அவனுக்கு ஓட்டுவதாகவே இல்லை.

"நான் திரும்பி வாறன் அண்ணை. பழைய முதலாளியும் ஓம் எண்டிட்டார். நீங்கள் மேல நிண்டாக் காணும். ஒரு ஓம் சொல்லுங்கோ."

அம்புறோஸின் இரண்டு கைகளும் முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தன.

"நான் இனி உனக்கு நிக்கமாட்டன்."

"ஏன் அண்ணை?"

"ஏனோ? அவங்கட சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு என்ர வீட்டுக்க வந்து நிண்டு, திரும்பி வாறன் எண்டு கதை அளக்கிறாய். வெக்கமில்லையோ? போடா."

நேருக்கு நேர் அவனைப் பார்த்தபடிதான் சொன்னார். ஜன்னல் வழியாக மத்தியான வெயில் அறை முழுவதும் கொட்டிக் கிடந்தது.

கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்த சாரங்கன், குனிந்து தன்னை ஒருமுறை பார்த்தான். அண்ணை சந்தோசப்படட்டும் என்று அவன் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தது, பழைய கடையின் நீலச் சட்டை.