அம்சவல்லிக்கு நாலு கண்ணு

"நம்பாட்டி போ பாப்பா. வேற ஆளுன்னா வேற ஆளுதான். எத்தனை தடவை சொல்றது?"

மாலதி கம்ப்யூட்டர் திரையை எதிர் நாற்காலியில உக்காந்திருந்த அந்தம்மா பக்கம் திருப்பினா. இலவசக் கண் ஆபரேஷனுக்கு ஆள் எழுதுற ஆபீஸ் அது. ஒரு ஆளுக்கு ஒரு பதிவுதான் இருக்கணும். இங்க ரெண்டு இருந்துச்சு.

"நீங்களே பாருங்கம்மா. இதுலயும் அம்சவல்லி, அதுலயும் அம்சவல்லி. புருஷன் குஞ்சிதபாதம், அங்கயும் அவரே. வயசு எழுபத்தொண்ணு, அதே தெரு, அதே போன் நம்பரு. ரெண்டு வருஷம் முன்னாடியே ரெண்டு கண்ணுலயும் ஆபரேஷன் ஆயிடுச்சு. இப்ப மறுபடி ரெண்டு கண்ணுக்கும் எழுதியிருக்கு."

பக்கத்து மேஜையில சூப்பர்வைசர் ஜெயபால் நிமிர்ந்து பாத்தாரு. "ஒரு ஆளுக்கு மொத்தம் எத்தனை கண்ணும்மா?"

வரிசையில நின்னவங்க சிரிச்சாங்க. அந்தம்மா சிரிக்கல.

"பேரு ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணாயிடுமா தம்பி? எங்க தெருவுல மூணு ராசு. டிராக்டர் ராசு, சிங்கப்பூர் ராசு, சும்மா ராசு. சும்மா ராசுக்குப் பேசி வச்ச பொண்ணை சிங்கப்பூர் ராசு கட்டிக்கிட்டுப் போயிட்டான், அது ஒரு கதை..."

"கதை வேணாம்மா. பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி வண்டி கிளம்பிடும்." மாலதி மவுஸைப் பிடிச்சா. ரெண்டு பதிவையும் ஒண்ணாச் சேர்த்துட்டா, ஆபரேஷன் முடிஞ்ச ஆளுன்னு காட்டும். அப்புறம் வண்டியில எடம் கிடையாது. "சரி, அந்த இன்னொரு அம்சவல்லி எங்க?"

"வெளிய வேப்பமரத்தடியில உக்காந்திருக்காங்க. வாசப்படி தெரியல பாப்பா அவங்களுக்கு. முந்தாநாள் காப்பியில சீனின்னு உப்பை அள்ளிப் போட்டுட்டாங்க. நானும் மூச்சுவிடாம குடிச்சேன். சொன்னா வருத்தப்படுவாங்க."

"அவங்க ரேஷன் கார்டு?"

"ஒரு கார்டுதான் இருக்கு."

ஜெயபால் பேனாவைக் கீழ வச்சாரு. "அப்ப உங்க பேருல வேற யாரையோ கூட்டிக்கிட்டு வந்திருக்கீங்க. மாலதி, சேர்த்து விட்டுடும்மா. அடுத்த ஆளைக் கூப்பிடு."

அந்தம்மா முந்தானையால மூஞ்சியைத் தொடச்சுக்கிட்டாங்க.

"ஆனி மாசம் வாய்க்கால்ல தண்ணி வந்ததும், மரத்தடியில இருக்காங்களே, அவங்க நாத்தை எடுத்துக்கிட்டு எறங்குறதைப் பாத்திருக்கணும் நீ. பதினெட்டு வயசுல வாக்கப்பட்டு வந்தேன். நாத்து முடியைப் பிரிக்கக்கூடத் தெரியாது. எம் பங்கையும் சேர்த்து அவங்களே நட்டுட்டுப் போவாங்க. அவங்க குலவை போட்டா அடுத்த ஊரு வரப்புல கேக்கும். நாப்பத்திநாலு வருஷம் ஆச்சு. இப்ப மிஷின் வந்து நட்டுட்டுப் போவுது. வயல்ல சத்தமே இல்ல."

மாலதி மனசுக்குள்ள கூட்டிப் பாத்தா. பதினெட்டும் நாப்பத்திநாலும் அறுபத்திரெண்டு. திரையில எழுபத்தொண்ணு.

"வயசு இடிக்குதேம்மா."

அந்தம்மா நாற்காலியை முன்னால இழுத்துப் போட்டுக்கிட்டாங்க.

"எழுபத்தொண்ணு அவங்க வயசு. பேரும் அவங்க பேருதான். நான் ஜெயா."

மாலதி மவுஸ்லேர்ந்து கையை எடுத்துட்டா.

"பிள்ளை இல்லைன்னு என்னை ரெண்டாவதாக் கட்டிக்கிட்டு வந்தாரு. எனக்கு மகன் பொறந்ததும் மாமியா அவங்களைப் பேராவூரணிக்கு அண்ணன் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. தென்னந்தோப்புல மட்டை பொறுக்கியே காலம் போச்சு அவங்களுக்கு. கார்டுல பேரு மாத்த எவன் தாலுகா ஆபீஸுக்கு அலையுறது, நீயே அம்சவல்லியா இருந்துட்டுப் போன்னுட்டாரு எங்க வீட்டுக்காரரு. நானும் இருந்துட்டேன். போன ஐப்பசியில அவரு தவறிட்டாரு. காரியம் முடிஞ்ச மறுநாளே போய்க் கூட்டிக்கிட்டு வந்துட்டேன்."

"அத்தாட்சி ஏதாவது?" ஜெயபால் குரல் எறங்கியிருந்துச்சு.

"அவங்க கல்யாணப் பத்திரிகை. இத்தனை வருஷமா மஞ்சப்பையில வச்சிருக்காங்க. அதை மட்டும் யாருக்கும் விட்டுக் கொடுக்கல."

மாலதி தணிஞ்ச குரல்ல சொன்னா. "யோசிச்சுக்குங்கம்மா. இங்க நான் உங்களை ஜெயான்னு மாத்திட்டா, நாளைக்கு கார்டு, பட்டான்னு எல்லாத்துலயும் கேள்வி வரும். உங்களுக்குத்தான் சிக்கல்."

"நாப்பது வருஷமா அவங்க எடத்துல குந்தியிருக்கேன். எந்திரிக்க வேணாமா பாப்பா?"

மாலதி பழைய பதிவுல 'ஜெயா'ன்னு அடிச்சா. அடுத்த பதிவைத் தொறந்து, வழக்கமாக் கூப்பிடுற மாதிரி வாசப்பக்கம் பாத்துக் கூப்பிட்டா. "அம்சவல்லி."

"இந்தா இருக்..."ன்னு பழக்கத்துல எந்திரிச்ச ஜெயா, பாதியில வாயை மூடிக்கிட்டாங்க. அப்புறம் ஜன்னல்கிட்ட போய் வேப்பமரத்தைப் பாத்துக் குரல் கொடுத்தாங்க.

"அக்கா, அந்தப் பத்திரிகையை எடுத்துக்கிட்டு உள்ள வாங்க. உங்க பேரைக் கூப்பிடுறாங்க."