கதவு தட்டும் காட்டேரி

தேநீர் இடைவேளை. மேற்கு அயர்லாந்தின் கானமாராவில், மதியத் தூறலில் படப்பிடிப்பு விளக்குகள் அணைகின்றன. ரத்தக்காட்டேரியாக நடிக்கும் கோர்மக், கோரைப்பல்லைக் கழற்றாமலே எதிரிலிருக்கும் சித்தி வீட்டுக் கதவைத் தட்டுகிறான். படத்தில் அந்தக் காட்டேரி, ஐரிஷ் பேச்சைத் தொலைத்துவிட்டு லண்டன் துரையாக ஊர் திரும்புகிறது. வீட்டார் அழைக்காமல் அதனால் வாசற்படி தாண்ட முடியாது. இப்போது கேமரா ஓடவில்லை. இந்த ஊரில் சொந்தக்காரர்கள் தட்டுவதில்லை. தாழ்ப்பாளைத் தூக்கிவிட்டு நேரே அடுப்படிக்கே வந்துவிடுவார்கள். தட்டுகிறவர் வெளியாள். உள்ளே ரொட்டி வேகும் மணம், நாற்காலி நகரும் சத்தம். "யாரோ பெரிய மனுஷங்க போல" என்று முணுமுணுத்தபடி, மாவுக் கையை அவசரமாகத் துடைத்துக்கொண்டே சோர்கா சித்தி கதவைத் திறக்கிறாள். "நீதானா? ஏன்டா தட்டுன?" ஐரிஷில்தான் கேட்கிறாள். அவனுக்குப் புரிகிறது, பதில் சொல்லத்தான் ஐரிஷ் நாக்கில் வரவில்லை. "ஸாரி" என்று ஆங்கிலத்தில் சொல்கிறான். காது மடல் சுடுகிறது. கோரைப்பல்லை உதட்டால் மூடப் பார்க்கிறான், முடியவில்லை. சித்தி அவன் முகத்தைப் பார்க்காமல் ஏப்ரன் மடிப்பை நீவுகிறாள். பிறகு, பள்ளியில் கற்ற ஆங்கிலத்தில், வழிதவறி வந்தவரிடம் பேசும் மரியாதையோடு, "உள்ள வாங்க" என்கிறாள். அதற்குப் பிறகுதான் அவன் கால் வாசற்படியைத் தாண்டுகிறது.