படிவத்தில் இல்லாத வரி

பேனாவைத் திறந்தவள் மறுபடியும் மூடினாள். இது மூன்றாவது முறை.

மேசைமேல் ஒரே ஒரு தாள். 'குறைந்த உமிழ்வு ஹைட்ரஜன் சான்றிதழ்' என்று பச்சை எழுத்தில் தலைப்பு. அதன் கீழே மூன்றே மூன்று வரிகள்.

பயன்படுத்திய பழுப்பு நிலக்கரி: நாற்பது டன்.

கிடைத்த ஹைட்ரஜன்: இரண்டு டன்.

பிடித்த கரியமில வாயு: தொண்ணூறு விழுக்காடு.

மூன்றும் உண்மை. ஆலைப் பொறியாளரான அவளே அளந்தவை.

எரிச்சலே அதுதான். பொய்யாக இருந்திருந்தால் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள்.

அந்தத் தொண்ணூறுக்காக ஆறு வருடம் உழைத்தவள் அவள். முதல் வருடம் நாற்பதைத் தாண்டவில்லை. சிரித்தார்கள். அறுபது வந்தபோது சிரிப்பு நின்றது. தொண்ணூறு வந்த அன்று கேன்டீனில் எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்கள்.

பிடித்ததை என்ன செய்தீர்கள் என்று மட்டும் இந்தத் தாள் கேட்கவில்லை.

பிடித்ததைக் குழாயில் கொண்டுபோய் ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் அடைக்கவேண்டும். கிணறு தயார். அதன் இரும்பு மூடிக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து எட்டு மாதமாகிறது. வாயுவை அமுக்கி உள்ளே தள்ளும் இயந்திரம்தான் இன்னும் வந்து சேரவில்லை. கப்பலில் வருகிறதாம். எந்தக் கப்பல் என்று கேட்டால் முறைக்கிறார்கள்.

அதுவரைக்கும் ஆலையின் பின்பக்கம் ஒரு குழாய், வானத்தைப் பார்த்து.

காலை ஆறு மணிக்கு ஆபரேட்டர் பாவாடைராயன் அதன் வால்வைத் திறந்தார். "தொறந்துட்டேன் மேடம்" என்றார். அவள் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார்.

பாடுபட்டுப் பிடித்த எலியைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்த் திறந்துவிட்ட கதை.

எலியாவது ஓடுவது தெரியும். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கொஞ்சம் புகைந்திருந்தாலாவது யாராவது அண்ணாந்து பார்த்திருப்பார்கள்.

ஜன்னலுக்கு வெளியே ஹைட்ரஜன் பேருந்து மாலையும் கழுத்துமாக நின்றது. சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம். நெற்றியில் 'புகையில்லாப் பயணம்'. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த ஊர்க்காரர்களைப் பந்தலில் உட்காரவைத்து மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நேற்று முழுக்கச் சூடத்துக்காகச் சண்டை. ஹைட்ரஜன் நிரப்புகிற இடத்தில் நெருப்பா என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். கடைசியில் ஜெயித்தாள். தட்டில் இப்போது பேட்டரி விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. அர்ச்சகர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அதையே பேருந்துக்குச் சுற்றிக்கொண்டிருந்தார்.

பொது மேலாளர் சிங்காரவேலு உள்ளே வந்தார். பட்டு வேட்டி. தலையில் மஞ்சள் ஹெல்மெட்.

"ஏம்மா, நீங்க சொன்னீங்கன்னு சூடத்தையே நிறுத்திட்டேன். சாமியே அட்ஜஸ்ட் பண்ணிக்கிச்சு. நீங்க ஒரு கையெழுத்துக்கு இவ்ளோ யோசிக்கிறீங்களே!"

அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

கண்ணுக்குத் தெரிவதென்றால் சாமிக்குக்கூடத் தடை போடுவார்கள். தெரியாததற்கு மாலை போடுவார்கள்.

"மைக்காரர் காத்திருக்காரும்மா. மேடையில வாசிச்சாத்தான் வண்டி கெளம்பும்."

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபது.

அவள் ஸ்கேலை எடுத்தாள்.

மூன்றாவது வரிக்குக் கீழே, அச்சடித்த கோடுகளுக்குச் சமமாக, இன்னும் ஒரு கோடு இழுத்தாள். அதன்மேல் அழகான கையெழுத்தில் நான்காவது வரியை எழுதினாள். அவசரப்படவில்லை. அடியில் தன் பெயரைப் போட்டாள். ஆறு வருடத்தில் இவ்வளவு தெளிவாக அவள் கையெழுத்துப் போட்டதில்லை.

பிறகு பென்சிலை எடுத்து, மேலாளர் கையெழுத்திடவேண்டிய இடத்தில் வழக்கம்போலச் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

பெருக்கல் குறி இருந்தால் சிங்காரவேலு வேறு எதையும் பார்ப்பதில்லை. இருபத்தெட்டு வருட சர்வீஸில் கோப்புகளை அப்படித்தான் தாண்டி வந்திருக்கிறார். இப்போதும் கண் கடிகாரத்தில் இருந்தது, கை தாளில் இருந்தது. போட்டுவிட்டார்.

"இதத்தானேம்மா அப்பவே போட்டிருக்கலாம்" என்று தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினார்.

அவள் ஜன்னலருகே போய் நின்றாள்.

மைக்காரர் தொண்டையைச் செருமினார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர்தான். கொடுத்ததை ஓர் எழுத்து விடாமல் வாசிப்பவர்.

நாற்பது டன் என்றார். கைதட்டினார்கள்.

இரண்டு டன். கைதட்டினார்கள்.

"பிடித்த கரியமில வாயு, தொண்ணூறு விழுக்காடு!" பந்தலே அதிர்ந்தது. பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள்.

மைக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டார். அதே குரல், அதே உற்சாகம்.

"பூமிக்குள் அடைத்தது, பூஜ்யம்! பிடித்தது முழுவதும் பின்பக்கக் குழாய் வழியாக வெளியே!"

அதற்கும் கைதட்டினார்கள்.

மேடையில் சிங்காரவேலுவும் தட்டினார். இரண்டு தட்டு. மூன்றாவதற்கு விரிந்த கைகள் சேரவில்லை.

அவர் மெல்லத் திரும்பி ஜன்னலைப் பார்த்தார்.

பேருந்து எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கிளம்பியது. பந்தலின் ஓரத்தில் ஒருவர் மட்டும் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கண்ணுக்கு மேல் கையை வைத்து, ஆலையின் பின்பக்கத்து வானத்தை அண்ணாந்து தேடிக்கொண்டிருந்தார்.