ரேங்க் இல்லாத வரி

"ரேங்க்கும் போடல, ஊரும் போடல. இதப் போய் நம்பச் சொல்றீங்களேப்பா" என்று ஷைனி லேப்டாப்பை அப்பா பக்கம் திருப்பினாள்.

இருதயசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். போன வருடம் எம்.டி. சீட்டுக்குக் கவுன்சிலிங் போன டாக்டர்கள் ஆளுக்கொரு வரி எழுதி வைத்த அட்டவணை அது. என்ன ரேங்க், எந்தெந்தக் கல்லூரி கேட்டார்கள், எது கிடைத்தது. யாரும் திறக்கலாம், யாரும் எழுதலாம், பெயர் மட்டும் போடக் கூடாது. அதன் லிங்க் சுரங்கத் தொழிலாளர் குவார்ட்டர்ஸின் வாட்ஸ்அப் குழு வரைக்கும் வந்திருந்தது.

நூற்றுப்பத்து வரிகள் ஆங்கிலத்தில் இருந்தன. கடைசி வரி மட்டும் தமிழில்: "நல்ல இடமாகவே கேட்டு எழுதினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. வேண்டாம் என்று நான் விட்ட இடம் எனக்குப் பின்னால் நின்றவருக்குப் போனது. கூச்சப்படாமல் எல்லாவற்றையும் எழுதுங்கள்."

"யாரோ பட்டவங்க எழுதியிருக்காங்கம்மா" என்றார் இருதயசாமி.

"அடுத்த தெரு சுபாஷா இருக்கும். போன வருஷம் சீட்டு கிடைக்காததுலேர்ந்து தலை நிமிராமத்தான போறான்."

ஐந்து மணிக்குள் கேட்கும் கல்லூரிகளின் பட்டியலை இணையத்தில் பூட்டியாக வேண்டும். ஷைனிக்கும் ஏற்கனவே ஒரு வருடம் வீணாகப் போயிருந்தது. குழந்தைகள் மருத்துவம்தான் படிக்க வேண்டும் என்று இருந்தவள், ஆறே கல்லூரிகளை எழுதியிருந்தாள். எல்லாம் சென்னை, மதுரை. எங்கோ ஒரு மூலையில் போய்ச் சேர்ந்தால் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் என்ன பேசுவார்கள் என்ற கூச்சம்.

"நான்கூட குவார்ட்டர்ஸுக்கு ஒரே பிளாக்க எழுதிக் குடுத்துட்டு, நாலு வருஷம் வெளிய வடக்குத்துல வாடக வூட்ல கெடந்தேன்..."

"இது குவார்ட்டர்ஸ் இல்லப்பா. உங்களுக்கு மைன்ஸ் தெரியும். இது வேற."

 சமையலறையிலிருந்து அம்மா மேரிசெல்வி எட்டிப் பார்த்தாள்.

"அப்பா பேச்ச வுடு. அந்தப் புள்ள பட்டுட்டு சொல்லுது, அதயாச்சும் கேளு. இன்னும் நாலு ஊர் எழுதினா கை தேஞ்சா பூடும்?"

ஷைனி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலரை மணிக்கு மறுபடி எழுத ஆரம்பித்தாள். பூட்டும்போது பட்டியலில் முப்பத்தோரு இடங்கள் இருந்தன. தேனி இருபத்தெட்டாவது.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. முதல் ஆறு கல்லூரிகளும் அவள் ரேங்க்குக்கு வெகு முன்பே நிரம்பியிருந்தன. தேனியில் குழந்தைகள் மருத்துவத்துக்கு இந்தக் கவுன்சிலிங்கில் இருந்ததே ஒரே ஒரு இடம். அது அவளுக்குக் கிடைத்திருந்தது.

மேரிசெல்வி ஸ்வீட் பாக்ஸோடு பிளாக்கில் வீடு வீடாகப் போனாள். தேனி எங்கே இருக்கிறது என்று கேட்டவர்கள்கூட இன்னொரு லட்டு எடுத்துக்கொண்டார்களாம்.

வீடு அடங்கியதும் ஷைனி அட்டவணையைத் திறந்தாள். தன் ரேங்க்கையும் முப்பத்தோரு கல்லூரிகளையும் ஒரு புது வரியாகச் சேர்த்தாள். பிறகு, சுபாஷை நினைத்துக்கொண்டு, அந்தத் தமிழ் வரிக்குப் பக்கத்தில் எழுதினாள்: "உங்களால்தான் எனக்குக் கிடைத்தது. நீங்கள் இந்த வருடம் கேட்டீர்களா? கிடைத்ததா?"

இரண்டு நிமிடத்தில் அங்கே பதில் முளைத்தது.

"கிடைத்துவிட்டது. தேனி. குழந்தைகள் மருத்துவம்."

தேனியில் இருந்ததே ஒரு இடம்தானே என்று ஷைனி குழம்பி நிமிர்ந்தாள். எதிர் நாற்காலியில் அப்பா, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, செல்போனில் அடுத்த எழுத்தை ஒற்றை விரலால் தேடிக்கொண்டிருந்தார்.